யார் காலுக்கு அளந்த ஷூ?



இரண்டு மூன்று மாதமாக என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வெவ்வேறு பிள்ளைகளிடமிருந்து வருகிறது. “டீச்சர், ஸ்டெப் ஏரோபிக்ஸ் கிளாஸ்ல சேர்ந்திருக்கேன். என்ன ஷூ வாங்கலாம்?” கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். நம் டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி பக்கமெல்லாம் இப்போது மாடியில் உடற்பயிற்சிக் கூடம், கீழே மருந்துக்கடை என்று ஆகிவிட்டது. நானும் ஒரு வகுப்பில் நான்கு அங்குலப் பலகையில் ஏறி இறங்குகிறேன் என்று தெரிந்துதான் என்னைக் கேட்கிறார்கள்.

கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நான் சமூக அறிவியல் எடுத்தவள். இருநூறு வருடம் சுற்றிவிட்டுத்தான் வருவேன். இது நீளமான பதிவு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விளையாட்டாக இதை எழுதவில்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி நல்ல விலை கொடுத்து ஓட்டத்துக்கான ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மூன்றாம் வாரம் பலகை விளிம்பில் கணுக்கால் மடங்கியது. ஒன்றரை மாதம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகு அவள் மட்டுமல்ல, அவளோடு போன இரண்டு ஓரகத்திகளும் “இந்த வயசுல நமக்கெதுக்கு?” என்று நின்றுவிட்டார்கள். மூன்று பேருக்கும் சர்க்கரை உண்டு. கால் வலியை விட அந்த “நமக்கெதுக்கு”தான் எனக்குக் கவலை.

முதலில் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

படி ஏறி இறங்கி உடம்பைச் சோதிப்பது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூசியன் புரூஹா என்பவர் ஒரு சோதனை வகுத்தார், 1943-ல் வெளியானது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை, ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். அதன் பிறகு நாடித் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று எண்ணுவார்கள். உடற்கல்வி படித்தவர்களுக்கு ‘ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்’ என்றால் உடனே தெரியும். இளைஞர்களின் உடல்திறனை அளக்க வந்த சோதனை அது. அம்மாக்களை நினைத்து வைத்த உயரம் அல்ல.

‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல்லை ஊருலகத்துக்குப் பரப்பியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர். அந்தப் பெயரில் அவர் எழுதிய புத்தகம் 1968-ல் வந்தது. பிறகு அதை இசையோடு, நடனமாக மாற்றியவர்கள் பெண்கள். நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ 1982-ல் வந்து வீட்டுக்கு வீடு போனது. கடினமான தரையில் குதித்துக் குதித்துப் பலருக்கு முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலித்தன.

அப்படி முழங்காலில் அடிபட்டவர்களில் ஒருவர் ஜின் மில்லர் என்ற பயிற்சியாளர். மருத்துவர் அவரை ஒரு பால் பெட்டி மேல் ஏறி இறங்கி முழங்காலைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தச் சொன்னார். ஏறி இறங்கிச் சலித்துப்போய் அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு செய்தார். 1980களின் கடைசியில் அதுவே ஸ்டெப் ஏரோபிக்ஸ் ஆனது. பிறகு ரீபாக் நிறுவனத்தோடு சேர்ந்து உயரம் கூட்டிக் குறைக்கும் பலகையும் வந்தது. ஆக, அடிபட்ட முழங்காலுக்கு வைத்தியமாகப் பிறந்த பயிற்சி இது. சரியாகச் செய்தால் நம் வயதுக்கும் உகந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டு. ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என்று நான்கு தாளத்துக்கு ஒரு சுற்று. அப்படியானால் நிமிடத்துக்கு 30 சுற்று, அரை மணி நேரத்தில் 900. பலகை 4 அங்குலம் என்றால் 3,600 அங்குலம், அதாவது 300 அடி. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரமே 177 அடிதான். அதைவிட உயரமாக ஒரு மாலையில் உங்கள் உடம்பைத் தூக்கி இறக்குகிறீர்கள். அத்தனை தடவையும் பாரம் பாதத்தில். காலில் என்ன மாட்டியிருக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது தெரிகிறதா?

இனி ஷூவுக்கு வருவோம்.

ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நிலைத்து நிற்கும் என்று 1839-ல் கண்டவர் சார்லஸ் குட்இயர். காப்புரிமை பெற்றது 1844-ல். துணியும் ரப்பரும் சேர்ந்த மலிவான காலணி அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவியது. அதற்கு ‘பிளிம்சால்’ என்று பெயர் வந்த கதை நம் துறைமுகத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்கள் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே கோடும் பார்த்திருப்பீர்கள். சரக்கு ஏற்றும்போது அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிக் கப்பலோடு மாலுமிகளை மூழ்கடித்த முதலாளிகளை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடினார். 1876-ல் சட்டம் வந்தது. அந்தக் கோட்டுக்கு ‘பிளிம்சால் கோடு’ என்று பெயர். துணி ஷூவின் அடியில் துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் ஓடும் பட்டை அதே மாதிரி இருந்தது. அந்தப் பட்டைக்கு மேல் தண்ணீர் ஏறினால் கால் நனையும். அதனால் ஷூவுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாம் கேன்வாஸ் ஷூ என்று சொன்னது அதன் தம்பிதான்.

ரப்பர் நம் ஊருக்கும் அந்நியம் இல்லை. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு ஒட்டும் ரப்பர். 1960களில் டயர். அதுதான் எம்.ஆர்.எஃப்., மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. உங்களில் எத்தனையோ பேருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஷிப்ட் முடித்து வந்த இடம். ‘வண்டிக்கேத்த டயர் போடணும், லாரி டயரை ஸ்கூட்டருக்குப் போட முடியுமா?’ என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவிலும் அதே பாடம்தான்.

ஆனால் நம்மில் யார் ஷூ போட்டோம்?

இந்தியாவில் வெறுங்கால் விளையாட்டுக்கு ஒரு பெருமையான வரலாறு உண்டு. 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி, 2-1 என்று தோற்றார்கள். சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நாடு.

வெறுங்காலில் பெருமை மட்டும் இல்லை. எத்தனையோ ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் காலில் போட்டு நடக்கக்கூடாது, கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். தோலைப் பதமிட்டு, செருப்பைத் தைத்துக் கொடுத்தவர்களுக்கே அதைப் போடும் உரிமை இல்லை. காலில் ஒரு செருப்பு என்பது இந்த மண்ணில் வெறும் வசதி அல்ல, மரியாதை. ஷூவின் வரலாறு பேசும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது? சென்னையில் 1920-லேயே ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். ஆசியாவிலேயே அந்த வகையில் முன்னோடி. அங்கே பயின்ற மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போய் டிரில் சொல்லிக்கொடுத்தார்கள். 1930களில் கல்கத்தா அருகே பாட்டாநகர் எழுந்தது. பிறகு வெள்ளை கேன்வாஸ் ஷூ கடை கடையாக வந்தது. ஆனாலும் நாங்கள் படித்தபோது வகுப்பில் நாலைந்து பேருக்குத்தான் அது கிடைத்தது. அழுக்கானால் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்குவார்கள். மற்றவர்கள் மணலில் வெறுங்கால். பெண் பிள்ளைகளுக்கு பி.டி. பீரியட் என்றால் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவது. பெண்ணின் கால் ஓடும், குதிக்கும் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெளிநாட்டிலும் அப்படித்தான் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1970களில் அமெரிக்காவில் ஓட்டம் ஒரு மோகமாகி ஷூ வியாபாரம் பெருகியது. பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆண்களின் ஷூவைச் சின்னதாக்கிய வடிவம். ரீபாக் நிறுவனத்தின் கலிஃபோர்னியா விற்பனைப் பிரதிநிதி ஏஞ்சல் மார்ட்டினஸ், தன் மனைவி போகும் ஏரோபிக்ஸ் வகுப்பைப் பார்த்தார். சிலர் வெறுங்கால், சிலர் பொருந்தாத ஷூ. இவர்களுக்கென்று ஒன்று செய்யலாமே என்று கம்பெனியிடம் சொன்னார். 1982-ல் ‘ஃப்ரீஸ்டைல்’ வந்தது. மெல்லிய, மிருதுவான தோல், கணுக்காலைப் பிடிக்கும் பட்டை. பெண்களுக்கென்றே வடிவமைத்த முதல் விளையாட்டு ஷூ என்று அதைச் சொல்வார்கள். ரப்பரைக் கட்டுப்படுத்தி நூற்று நாற்பது வருடம் கழித்து!

இப்போது அளவு. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நீங்கள் கடையில் “ஆறு நம்பர் கொடுங்க” என்று கேட்கிறீர்களே, அந்த ஆறு எங்கிருந்து வந்தது தெரியுமா? பார்லி மணியிலிருந்து. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது பழைய ஆங்கிலக் கணக்கு. பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள இடைவெளி ஒரு பார்லி மணி, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு அங்குலத்தில் குழந்தைகளின் பூஜ்யம் தொடங்கி 13 வரை போய், மறுபடி பெரியவர்களின் 1 ஆரம்பிக்கும். நம் சிற்பிகளும் எட்டு யவம் ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். யவம் என்றாலும் பார்லிதான். தானியத்தால் அளப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த நம்பர் நீளத்தை மட்டும் சொல்கிறது. அகலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த அளவு கப்பலில் இங்கே வந்தது. இங்கிருந்து கப்பலேறியது தோல். ஆவாரம் பட்டையில் பதமிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போயின. பெரியமேடு இன்றும் தோல் வியாபாரத்தின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் குரோமியம் கொண்டு பதமிடும் முறையை இங்கே சோதித்துப் பரப்பினார். குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம்தான் குரோம்பேட்டை. 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ., தொடங்கியது. இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை தவிர, செய்யாறு சிப்காட்டில் தைவான் குழுமத்தின் ஆலையில் நைக்கி ஷூ தயாராகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். உலகத்தின் காலுக்கு ஷூ தைக்கும் கைகள் அவை. அந்தக் கைக்குரியவளின் கால் அளவு எந்த அட்டவணையிலும் இல்லாமல் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க இறங்கியதும் அதே சி.எல்.ஆர்.ஐ.தான். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். இந்தியருக்கென ஒரு தனி அளவுமுறை உருவானது. ‘பா’ என்று, பாரதத்தின் முதல் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 2024-ல் செய்தி வந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதளவிலும் ஆண்களுடையது 15, 16 வயதளவிலும் உச்சத்தைத் தொடுகிறது என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம் பாதம் அகலம்.

“எனக்கு எந்த ஷூவும் சுண்டு விரல்ல கடிக்குது டீச்சர், என் கால்தான் கோணல்” என்று சொல்லும் பிள்ளைகளே, உங்கள் கால் கோணல் இல்லை. ஷூதான் வேறு யாருக்கோ அளந்தது. கடிக்கிறதே என்று ஒரு நம்பர் கூடுதலாக வாங்குவோம். அகலம் சரியாகும், நீளம் அதிகமாகும். உள்ளே கால் முன்னும் பின்னும் வழுக்கும். பலகை விளிம்பில் தடுக்குவது அந்த அதிகப்படி நீளம்தான்.

வெறுங்காலில் வளர்ந்ததற்காக வெட்கப்படவும் வேண்டாம். 1992-ல் மணிப்பால் எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத்தடத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். மண்ணில் நடந்த கால் பலமான கால். ஆனால் 900 தடவை பலகையிலிருந்து சிமெண்டுத் தரைக்கு இறங்கும் வேலை மண்ணில் நடப்பது போல அல்ல. சர்க்கரையால் மரத்த பாதம் அடிபட்டாலும் உடனே சொல்லாது. அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு ஷூ வேண்டும் என்கிறேன்.

சரி, கடைக்குப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஓட்ட ஷூ நேராக முன்னே போகச் செய்தது. குதிகால் உயரம், அடிப்பாகம் தடிமன், பக்கவாட்டில் பிடிப்புக் குறைவு. ஸ்டெப் வகுப்பில் பக்கவாட்டிலும் போகிறோம், திரும்பவும் செய்கிறோம். உயரக் குதிகால் விளிம்பில் சாய்ந்தால் கணுக்கால் மடங்கும். ‘டிரெய்னிங்’, ‘ஏரோபிக்ஸ்’ அல்லது ‘கிராஸ் டிரெய்னர்’ என்று கேளுங்கள். குதிகால் தாழ்வாக, அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும்.

ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்களின் அடியில், முன்பாதம் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் வேண்டாம். துணி பிழிவது போல முறுக்கினால் லேசாகத்தான் திரும்ப வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதி அழுத்தினால் அமுங்காமல் நிற்க வேண்டும்.

முன்பாதத்துக்கு அடியில் மெத்தை அவசியம். பலகையிலிருந்து இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது அதுதான். பிறகு குதிகாலையும் பதிக்க வேண்டும். ஏறும்போது முழுப் பாதமும் பலகை மேல் இருக்கட்டும். குதிகால் வெளியே தொங்கக்கூடாது.

பிடிமானம் வேண்டும், அளவோடு. ஆழமான பள்ளங்கள் உள்ள அடிப்பாகம் பலகையைக் கவ்விப் பிடித்தால், நீங்கள் திரும்பும்போது பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திரும்பும்.

மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். வகுப்புக்குப் போடும் அதே சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு, நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஒரு கால் பெரிதாக இருந்தால் பெரிய காலுக்கு வாங்குங்கள். ‘வைடு’ அளவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண்கள் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள், அங்கே அகலம் கிடைக்கும். குதிகால் தளர்கிறதா, அதையும் பாருங்கள். “போடப் போடச் சரியாயிடும்மா” என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கடையிலேயே சரியாக இருக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துப் போடுங்கள். முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகே பலகை. ஷூ வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்மெத்தை அமுங்கிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வகுப்பு ஷூவை மார்க்கெட்டுக்குப் போடாதீர்கள். நாளும் கூடும், கல்லும் ஒட்டாது.

விலை உயர்ந்த பெயர் தேவையில்லை. மேலே சொன்னவை இருந்தால் நம் ஊர்க் கடைப் பொருளே போதும். நல்லதாக வாங்கப் பணம் சேரும்வரை பலகையை விட்டுத் தரையிலேயே அதே அடிகளைப் போடுங்கள். வகுப்பை மட்டும் விடாதீர்கள். நிறுத்திய அந்த மூவரிடமும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி சரி என்றிருக்கிறாள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். டீச்சர் ஆயிற்றே, விடுவேனா! இன்று மாலை ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். பிள்ளைகளை விட்டுப் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். நீளத்தையும், விரலடியில் அகலத்தையும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். அம்மாவுக்கும் மாமியாருக்கும் சேர்த்தே வரையுங்கள். அந்தத் தாளை மடித்துக் கடைக்கு எடுத்துப் போய், ஷூவின் உள்மெத்தையை வெளியே எடுத்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே உங்கள் பாதம் பிதுங்கினால், நம்பர் எதுவாக இருந்தாலும் அது உங்கள் ஷூ இல்லை.

அளந்தவர்கள் கீழே எழுதுங்கள். எத்தனை பேர் இத்தனை நாள் தப்பு நம்பர் போட்டிருக்கிறோம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
டோல்கேட்